'உனக்கு ஒரு மண்ணும் தெரியாது!'
திட்டித் திட்டியே சிரிக்க வைக்கும் கம்ப்யூட்டர் வினாடி வினா

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். எந்தக் கீயை அழுத்தினால் என்ன ஆகுமோ, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடுமோ என்று. என் சித்தப்பாவும் அப்படித்தான். பணி ஓய்வு பெற்றதும் ஆசையாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். வாங்கிய மறுநாளே சித்தி அதன் மேல் பூப்போட்ட துணி ஒன்றைப் போர்த்திவிட்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, மின்கட்டணம் கட்டும் நாளன்று மட்டும் அந்தத் துணி விலகும்.

பொங்கல் விடுமுறைக்குப் போயிருந்தபோது அதில் ஒரு விளையாட்டை இன்ஸ்டால் செய்து, சித்தப்பாவையும் என் தம்பியையும் கீபோர்டின் முன் உட்கார வைத்தேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. சித்தப்பா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிதானமாகப் படித்தார். விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஆண் குரல் ஆங்கிலத்தில் கிண்டலடித்தது.

"இருப்பா, யோசிச்சுக்கிட்டுதானே இருக்கேன். அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றார் சித்தப்பா. என்னிடம் அல்ல, மானிட்டரிடம்.

வேலையில் சேர்ந்ததிலிருந்து புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிய எந்தப் புரோகிராமுக்கும் யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை. ஒரு சிடி விளையாட்டு இதை எப்படிச் சாதிக்கிறது என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

விளையாட்டின் பெயர் 'யூ டோன்ட் நோ ஜாக்'. 'ஜாக்' என்பது இங்கே ஆளின் பெயர் அல்ல. அமெரிக்கப் பேச்சு வழக்கில் அதற்கு 'ஒன்றுமில்லை' என்று பொருள். ஆக, 'உனக்கு ஒரு மண்ணும் தெரியாது' என்பதுதான் விளையாட்டின் பெயரே. கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கி வந்தவரைப் பெட்டியின் மேலேயே திட்டிய விளையாட்டு அனேகமாக இதுவாகத்தான் இருக்கும்.

குழந்தைகளுக்குப் பிறந்தது

அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹாரி காட்லீப் என்பவர் நடத்திவந்த சிறிய நிறுவனம், பள்ளி மாணவர்கள் கதைப் புத்தகங்கள் படிப்பதை ஊக்குவிக்க ஒரு வினாடி வினா சிடியை உருவாக்கியது. 'தட்ஸ் எ ஃபேக்ட், ஜாக்!' என்று அதற்குப் பெயர். புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தால் கம்ப்யூட்டர் ஒரு டிவி நிகழ்ச்சி போலக் கேள்வி கேட்கும்.

கலிபோர்னியாவில் பெர்க்லி சிஸ்டம்ஸ் என்ற இன்னொரு நிறுவனம் இருந்தது. பழைய ஆட்களுக்கு இதன் பெயர் தெரியாவிட்டாலும் இதன் வேலை தெரிந்திருக்கும். ரொட்டி சுடும் டோஸ்டர்கள் சிறகு முளைத்து ஸ்கிரீனில் பறந்து போகும் 'ஆஃப்டர் டார்க்' ஸ்கிரீன் சேவரை வெளியிட்டவர்கள் இவர்கள்தான். பறக்கும் டோஸ்டர் கம்பெனிக்குக் குழந்தைகளுக்கான வினாடி வினா பிடித்துப்போய்விட்டது. 'இதையே பெரியவர்களுக்காகச் செய்து கொடுங்கள்' என்றார்கள். 1995-ல் 'யூ டோன்ட் நோ ஜாக்' வெளியானது. அதை உருவாக்கிய சிகாகோ நிறுவனம் ஜெல்லிவிஷன் என்ற பெயரில் பிரபலமானது.

அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 95 வந்ததும் அதே ஆண்டுதான். அப்போதெல்லாம் ஒரு புரோகிராம் பாதியில் படுத்துவிட்டால், 'இந்தப் புரோகிராம் சட்டவிரோதமான செயல் ஒன்றைச் செய்துவிட்டது, எனவே மூடப்படும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வரும். புரோகிராமர்கள் எழுதிய வாசகம் அது. பிராசசர் செய்யக்கூடாத ஒன்றைப் புரோகிராம் செய்யச் சொல்லிவிட்டது என்பதுதான் அதன் பொருள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்குப் போலீஸ் வந்துவிடும் போலத் தோன்றும். கம்ப்யூட்டர்கள் மனிதர்களிடம் பேசிய லட்சணம் அவ்வளவுதான். அந்தச் சூழலில்தான் இந்த விளையாட்டு, பக்கத்து வீட்டு வாயாடி இளைஞனைப் போலப் பேச ஆரம்பித்தது.

ஒரு கீபோர்டு, மூன்று பேர்

விளையாடும் முறை எளிதானது. அதிகபட்சம் மூன்று பேர் ஒரே கீபோர்டைச் சுற்றி உட்கார வேண்டும். முதல் ஆளுக்கு Q, இரண்டாவது ஆளுக்கு B, மூன்றாவது ஆளுக்கு P. இந்த மூன்று எழுத்துக்களும் உங்கள் கீபோர்டில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். இடது மூலை, கீழே நடு, வலது மூலை. மூன்று பேரின் கைகளும் இடித்துக்கொள்ளாமல் இருப்பதற்கான ஏற்பாடு. இவைதான் உங்கள் பஸ்ஸர். கேள்வி வந்ததும் முதலில் அழுத்துபவர், 1 முதல் 4 வரையுள்ள எண்களில் ஒன்றை அழுத்தி விடை சொல்ல வேண்டும். சரியென்றால் பணம் சேரும், தவறென்றால் கழியும். மவுஸ் பிடிக்கத் தெரியாதவர்கூட விளையாடலாம்.

படங்கள் என்று பெரிதாக எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்துக்கள் குதித்து ஓடும். நிகழ்ச்சியை நடத்துபவரின் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். ஆனால் ஸ்டூடியோவில் ஆட்கள் பரபரப்பாக ஓடுவது, மைக் இருப்பதை மறந்து பேசிக்கொள்வது, ஒவ்வொரு கேள்வி எண்ணையும் அறிவிக்க ஒரு குட்டிப் பாட்டு என்று காதுக்குள் ஒரு முழு டிவி நிலையமே இயங்கும்.

கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொது அறிவுப் புத்தகத்தில் வரும் கேள்விகள்தான், ஆனால் நேராக வராது. உதாரணத்துக்கு, மலை உச்சியில் தண்ணீரின் கொதிநிலை பற்றி ஒரு கேள்வியை இந்த விளையாட்டின் பாணியில் நானே எழுதிப் பார்க்கிறேன்:

'உங்கள் மாமா எவரெஸ்ட் உச்சியில் டீ போடுகிறார். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் டீ சப்பென்று இருக்கிறது என்று புலம்புகிறார். குற்றவாளி யார்? 1. டீத்தூள். 2. காற்றழுத்தம். 3. யாக் எருமையின் பால். 4. மாமாவின் மீசை.'

விடை காற்றழுத்தம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் சுமார் 70 டிகிரியிலேயே கொதித்துவிடும். அந்தச் சூட்டில் டீத்தூள் சரியாக இறங்காது. கேள்வி இயற்பியல் பாடம்தான். ஆனால் மாமாவைக் கூட்டி வந்ததால், அதைத் தெரியாதவரும் கடைசி வரை படிக்கிறார். ஷேக்ஸ்பியரையும் டிவி கார்ட்டூனையும் ஒரே கேள்வியில் இடித்துக்கொள்ள வைப்பது இவர்களின் வழக்கம்.

சாதாரணக் கேள்விகளுக்கு நடுவே சில விசேஷங்களும் உண்டு. அர்த்தமற்ற ஒரு சொற்றொடர் திரையில் வரும். அது ஒரு பிரபலமான சொற்றொடரின் ஓசையை ஒத்திருக்கும். மூலம் எது என்று கண்டுபிடித்து டைப் செய்ய வேண்டும். தமிழில் செய்வதானால், 'பானைக்கும் பொடி நறுக்கும்' என்று கொடுத்துவிட்டு உங்களை முழிக்க வைக்கலாம். யானைக்கும் அடி சறுக்கும் என்று சட்டென்று பிடித்துவிட்டீர்களா? விளையாட்டில் இதற்கு நேரம் ஆக ஆகத் துப்புகள் வரும், பரிசுத் தொகை இறங்கிக்கொண்டே போகும்.

பின்வந்த பகுதிகளில் 'டிஸ் ஆர் டேட்' என்ற சுற்று சேர்ந்தது. 7 பெயர்களைக் கொடுத்து ஒவ்வொன்றும் இதுவா, அதுவா என்று 30 விநாடிக்குள் பிரிக்கச் சொல்வார்கள். இதுவும் அதுவும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு வகைகளாக இருக்கும். கடைசியில் வருவது 'ஜாக் அட்டாக்'. இது வேகப் போட்டி. நடுவில் ஒரு சொல் நிற்க, மற்றச் சொற்கள் ஒவ்வொன்றாகப் பறந்து வரும். பொருத்தமானது வரும் கணத்தில் பஸ்ஸரை அடிக்க வேண்டும். அதுவரை முன்னணியில் இருந்தவர் இந்தச் சுற்றில் தலைகுப்புற விழுவது சகஜம்.

என் தம்பிக்கு மிகவும் பிடித்தது 'ஸ்க்ரூ'. நம்மூர்ப் பாஷையில் இதற்கு மிகச் சரியான சொல் இருக்கிறது: ஆப்பு. எதிராளிக்கு விடை தெரியாது என்று உங்களுக்குத் தோன்றினால் S கீயை அழுத்தி, அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும் என்று மாட்டிவிடலாம். அவருக்கு 10 விநாடி அவகாசம். தவறினால் அவர் பணம் போகும். ஒருவேளை அவருக்கு விடை தெரிந்திருந்தால் பணம் அவருக்கு. ஆப்பு வைத்தவர் முழித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தம்பி எனக்கு வைத்தான். சித்தப்பாவுக்கு வைக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. சித்தப்பாவோ விதியைப் புரிந்துகொண்ட அடுத்த நிமிடம் இரண்டு பேருக்கும் வைத்தார்.

தப்பான விடைக்குப் பரிசு

2011-ல் ஜெல்லிவிஷன் இந்த விளையாட்டைப் புதிதாகச் செய்து, டிஎச்க்யூ என்ற நிறுவனத்தின் மூலம் வீடியோ கேம் கருவிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் வெளியிட்டது. நிகழ்ச்சியை நடத்துபவர், 1990-களிலேயே தொடரின் ரசிகர்களுக்குப் பிடித்துப்போன குக்கி மாஸ்டர்சன். அந்தக் கற்பனைப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தவர் டாம் காட்லீப். மொத்தம் 73 எபிசோடுகள். ஒவ்வொரு எபிசோடின் தொடக்கத்திலும் 'இந்நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குபவர்கள்' என்று ஒரு கம்பெனியின் பெயர் அறிவிக்கப்படும். எல்லாம் உலகத்தில் இல்லாத, இருக்கக்கூடாத கம்பெனிகள்.

அதை வெறும் நகைச்சுவை என்று காதில் வாங்காமல் விட்டவர் ஏமாந்தார். ஏனென்றால் அந்த எபிசோடில் எங்கோ ஒரு கேள்வியில், அந்தக் கம்பெனியோடு சம்பந்தப்பட்ட ஒரு தவறான விடை ஒளிந்திருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் பணம் கழியாது. மாறாகப் பெரிய தொகை சேரும். முதல் பாதியில் என்றால் 4,000 டாலர், இரண்டாம் பாதியில் என்றால் 8,000 டாலர். கூடவே ஆரவாரத்தோடு அந்தக் கம்பெனியின் பரிசும் உண்டு. யாருக்கும் வேண்டாத பரிசு. திரையில் மட்டுமே இருக்கும் பரிசு.

மீண்டும் நம் மாமாவிடமே போவோம். எபிசோடை வழங்குபவர்கள் 'ஒற்றைப் பக்க மீசைச் சீப்புக் கம்பெனி' என்று வைத்துக்கொள்ளுங்கள். எவரெஸ்ட் டீ கேள்வியில் நாலாவது விடையைப் பார்த்ததும் உங்களுக்குப் பொறி தட்ட வேண்டும். காற்றழுத்தம்தான் சரி என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் 'மாமாவின் மீசை' என்று அழுத்துகிறீர்கள். உடனே வாத்தியங்கள் முழங்க, இடது மீசையை மட்டும் வாரக்கூடிய சீப்பு ஒன்று உங்களுக்கு வழங்கப்படும். வலது மீசைக்கு வேறு எபிசோடு.

இது தமாஷ் மட்டும் அல்ல, நல்ல விளையாட்டு வடிவமைப்பும் கூட. சாதாரண வினாடி வினாவில் விடை தெரிந்தவருக்கு வேலை சுலபம். தெரியாதவருக்கு வேலையே இல்லை. இங்கே விடை தெரிந்தவரும் ஒவ்வொரு தவறான விடையையும் சந்தேகத்தோடு படிக்க வேண்டியிருக்கிறது. தெரியாதவருக்கோ, குருட்டாம்போக்கில் அடித்தும் ஜெயிக்க ஒரு வாசல் திறந்திருக்கிறது. பாடத்தில் முதல் மார்க் வாங்கும் பையனும் கடைசி பெஞ்சுப் பையனும் ஒரே மேசையில் உட்கார்ந்து விளையாட இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

அபத்தப் பரிசு என்பது அமெரிக்க டிவிக்குப் புதிதல்ல. 1963-ல் தொடங்கிய 'லெட்ஸ் மேக் எ டீல்' நிகழ்ச்சியில் திரைக்குப் பின்னால் கார் இருக்கலாம், அல்லது கழுதை இருக்கலாம். இப்படி வந்து சேரும் உதவாக்கரைப் பரிசுக்கு 'ஜோங்க்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஆசை காட்டி, வழங்கும் கம்பெனியின் பெருமையை அடித்துவிடும் அந்த டிவி பாஷையைத்தான் ஜாக் கேலி செய்கிறது. பழைய பகுதிகளில் ஆட்டம் முடிந்த பிறகும் கம்ப்யூட்டரை அணைக்காமல் காத்திருந்தால் ரேடியோ விளம்பரங்கள் ஓடும். எல்லாம் போலி விளம்பரங்கள்.

கேட்பது போல நடிப்பது

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பா ஏன் மானிட்டருக்குப் பதில் சொன்னார்?

இந்த விளையாட்டில் செயற்கை அறிவு எதுவும் கிடையாது. குரல் முழுக்க முன்பே பதிவு செய்யப்பட்டது. புரோகிராம் செய்வதெல்லாம், எந்த நேரத்தில் எந்த ஒலித்துண்டை ஓட்டுவது என்று முடிவு செய்வதுதான். இதை நாமே எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவோம்: கேள்வி முடிந்ததும் ஒரு கடிகாரத்தை ஓடவிடு. நேரம் முடியும்வரை எந்தக் கீயும் அழுத்தப்படவில்லையா? 'மௌனம்' என்ற பையிலிருந்து ஒரு ஒலித்துண்டை எடுத்து ஓட்டு. ஒருமுறை எடுத்ததை, பை காலியாகும்வரை மறுபடி எடுக்காதே. மூன்றாவது விடையை அழுத்தினார்களா? இந்தக் கேள்வியின் மூன்றாவது விடைக்கென்றே எழுதிய கிண்டலை ஓட்டு. ஒரே ஆள் தொடர்ந்து மூன்று தவறு செய்தாரா? அதற்கு ஒரு தனிப் பை.

பார்த்தீர்களா, இதில் கம்ப்யூட்டருக்கு ஒன்றுமே புரிய வேண்டியதில்லை. கஷ்டமெல்லாம் எழுதுபவர்களுக்கும் பேசுபவர்களுக்கும்தான். நாலு விடை இருந்தால், ஒவ்வொரு தவறான விடையையும் ஒருவர் ஏன் தேர்ந்தெடுத்திருப்பார் என்று முன்கூட்டியே யோசித்து அவருக்காக ஒரு வசனம் எழுத வேண்டும். தவறான விடை சொன்னவரிடம் 'தவறு' என்று மட்டும் சொன்னால் அது கம்ப்யூட்டர். 'மீசையா? மாமா அதை டீயில் முக்கியா எடுத்தார்?' என்று கேட்டால் அது ஆள்.

எத்தனை ஒலித்துண்டு வேண்டுமானாலும் பதிவு செய்யலாமே என்று கேட்பீர்கள். சிடியில் இடம் வேண்டாமா? ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பாட்டு சிடியின் தரத்தில் ஒரு விநாடி ஒலிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றுக்கும் 2 பைட், இடது வலது என்று இரண்டு தடங்கள். பெருக்கினால் 1,76,400 பைட். நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 650 எம்பி சிடியில் ஒரு மணி நேரப் பேச்சுதான் அடங்கும். மாதிரிகளைப் பாதியாக்கி, 1 பைட் ஆக்கி, ஒரே தடமாக வைத்தால் அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும். அதே சிடியில் எட்டரை மணி நேரம் பேசலாம். ரேடியோ தரத்தில் ஒரு மனிதக் குரலுக்கு அது தாராளம். வீடியோவுக்குப் போயிருந்தால் இந்தக் கணக்கு எடுபடாது. அன்றைய சிடி விளையாட்டுகள் பலவற்றில் தபால்தலை அளவுப் பெட்டிக்குள் புள்ளி புள்ளியாக நடிகர்கள் அசைவார்கள். இன்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. எழுத்தையும் குரலையும் நம்பிய ஜாக், 30 ஆண்டு கடந்தும் பழசாகத் தெரியவில்லை.

ஒரு குறையையும் சாமர்த்தியமாக மறைத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் நீங்கள் உங்கள் பெயரை டைப் செய்கிறீர்கள். ஆனால் நடத்துனர் உங்களை ஒருபோதும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, எண்ணைத்தான் சொல்வார். எப்படி அழைப்பார்? உலகத்துப் பெயர்களையெல்லாம் பதிவு செய்து வைக்க முடியாதே. திரையில் உங்கள் பெயர் தெரிவதாலும், அடுத்த கிண்டல் உடனே வந்துவிடுவதாலும் யாரும் இதைக் கவனிப்பதில்லை. நான் சொன்ன பிறகுதான் தம்பி கவனித்தான். சொல்லியிருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

ஹாரி காட்லீப் தன் குழுவின் அனுபவத்தை 'ஜாக் கோட்பாடுகள்' என்ற பெயரில் ஒரு சிறு தொகுப்பாகவே எழுதினார். வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களைவிட என்னைப் போன்றவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தொகுப்பு அது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையை மட்டும் கொடு. தேர்வுகளின் எண்ணிக்கையைக் குறை. இப்போது என்ன செய்ய வேண்டும் என்பது பயனாளருக்கு எந்தக் கணமும் தெரிந்திருக்க வேண்டும். அவர் செய்ததற்கு மட்டும் அல்ல, செய்யாமல் இருந்ததற்கும் பதில் சொல். முன்பு அவர் செய்ததை நினைவில் வைத்துப் பேசு. ரொம்ப நேரம் பதில் வராவிட்டால் காத்துக்கொண்டே நிற்காதே, நகர்ந்து போ.

'செய்யாமல் இருந்ததற்கும் பதில் சொல்' என்பதுதான் சித்தப்பாவைப் பிடித்த இடம். வழக்கமான புரோகிராம் நாம் ஏதாவது அழுத்தும்வரை கல்லுப் பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கும். நாம் யோசிக்கிறோமா, தூங்குகிறோமா, பயந்து போய் நிற்கிறோமா என்று அதற்குக் கவலை இல்லை. நம் மௌனத்தையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு ஒரு குரல் கேள்வி கேட்டால், கேட்டது யார் என்று யோசிப்பதற்குள் வாய் பதில் சொல்லிவிடுகிறது.

டைப் செய்யும் கேள்விகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. முதல் பகுதியில் விடைக்குப் பதிலாக ஆங்கிலத்தில் ஒரு குறிப்பிட்ட கெட்ட வார்த்தையை டைப் செய்தால் நடத்துனர் கோபித்துக்கொண்டு பெரிய தொகையைக் கழித்துவிடுவார். திரும்பவும் செய்தால் இன்னும் பெரிய தொகை. மூன்றாவது முறையும் செய்தால் ஆட்டத்தையே மூடிவிடுவார். மனிதர்கள் இதைச் செய்து பார்ப்பார்கள் என்று யாரோ முன்கூட்டியே எதிர்பார்த்து உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

டிவியில் தோற்ற டிவி நிகழ்ச்சி

இவ்வளவு நன்றாக டிவியை நடிக்கும் விளையாட்டை டிவியிலேயே போட்டால் என்ன? 2001-ல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சி போட்டுப் பார்த்தது. பால் ரூபன்ஸ் என்ற பிரபல நகைச்சுவை நடிகர் டிராய் ஸ்டீவன்ஸ் என்ற நடத்துனர் வேடத்தில் வந்தார். 6 எபிசோடுகளோடு கதை முடிந்தது. காரணம் பலவாக இருக்கலாம். எனக்குத் தோன்றுவது இதுதான்: டிவியில் அவர் யாரோ மூன்று பேரைத்தான் கிண்டல் செய்தார். கம்ப்யூட்டரில் கிண்டலுக்கு ஆளானது நாம்.

பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஜப்பான் ஆகிய நாடுகளுக்கென்று தனிப் பதிப்புகள் வந்தன. ஜெர்மனியில் ஒன்றுக்கு மேற்பட்ட பகுதிகளே வெளியாயின. இந்த வகை விளையாட்டை அப்படியே மொழிபெயர்க்க முடியாது. கேள்வி, கிண்டல், ஓசைப் புதிர் எல்லாவற்றையும் அந்த மொழியில் புதிதாக எழுதி, புதிதாகப் பேசிப் பதிவு செய்ய வேண்டும். தமிழில் இப்படி ஒன்று என் கண்ணில் பட்டதில்லை. தொழில்நுட்பம் தடையே அல்ல என்று மேலே பார்த்தோம். கடிகாரம், ஒலித்துண்டுகள், சில பைகள், அவ்வளவுதான். வேண்டியது நாக்கில் சனி உள்ள நாலு எழுத்தாளர்களும், ஒரு நல்ல குரலும். இரண்டுக்கும் நம்மிடம் பஞ்சமா என்ன?

ஜெல்லிவிஷன் பிறகு இதே பேச்சுக் கலையை வேறு பக்கமும் திருப்பியது. அமெரிக்க ஊழியர்களுக்குக் காப்பீட்டுத் திட்டங்களை விளக்கும் 'அலெக்ஸ்' என்ற பேசும் வழிகாட்டியைச் செய்தது. விளையாட்டுப் பிரிவு 2013-ல் ஜாக்பாக்ஸ் கேம்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2014-ல் வந்த அவர்களின் முதல் 'ஜாக்பாக்ஸ் பார்ட்டி பேக்' தொகுப்பில் ஜாக்கும் இருந்தது. இதில் கீபோர்டுக்கு வேலை இல்லை. ஆட்டம் ஓடுவது டிவியிலோ மானிட்டரிலோ. ஒவ்வொருவரும் தங்கள் மொபைல் போனின் பிரவுசரில், திரையில் தெரியும் நாலு எழுத்துக் குறியீட்டை டைப் செய்தால் போனே பஸ்ஸராகிவிடும். தனியாக எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். 2018-ல் வெளியான ஐந்தாவது தொகுப்பில் 'ஃபுல் ஸ்ட்ரீம்' என்ற பெயரில் புதிய ஜாக் வந்தது. 2020-ல் ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்கள், வீடியோ அழைப்பில் திரையைப் பகிர்ந்துகொண்டு இந்தத் தொகுப்புகளை விளையாடினார்கள்.

விளையாடிப் பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். 1990-களின் பழைய பகுதிகள் 2013-ல் ஸ்டீம் தளத்தில் மீண்டும் வெளியிடப்பட்டன. பழைய சிடியைத் தேடி அலைய வேண்டாம். கிடைத்தாலும் இன்றைய விண்டோஸில் அது ஓடுவது சந்தேகம். வாங்கும் முன் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடுமா என்று அந்தப் பக்கத்திலேயே படித்துக்கொள்ளவும். கேள்விகளில் பாதி அமெரிக்க டிவி, சினிமா, விளம்பரங்களைப் பற்றியவை. அவற்றை நாம் அறிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால், மதிப்பெண் மைனஸில் போனால் வருத்தப்பட வேண்டாம். நடத்துனர் வேண்டுமானால் அதற்கும் ஏதாவது சொல்வார். ஆங்கிலப் பேச்சு வேகமாக இருக்கும். கேள்வி எழுத்திலும் வருவதால் சமாளித்துவிடலாம். இரட்டை அர்த்த வசனங்கள் ஆங்காங்கே உண்டு. எனவே சின்னக் குழந்தைகளோடு விளையாடும் முன் நீங்கள் ஒரு ஆட்டம் தனியாக விளையாடிப் பார்த்துவிடுவது நல்லது. எழுதி வைத்த கேள்விகள் என்பதால் ஒருமுறை பார்த்தது மறுபடி வரும்போது சுவாரசியம் போய்விடும். ஒரே நாளில் விடிய விடிய விளையாடித் தீர்த்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று பேர் விளையாடும்போது B கீக்காரர் நடுவில் மாட்டிக்கொள்வார். இரண்டு பக்கமும் முழங்கை இடிக்கும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடம் மாறிக்கொள்ளவும். சித்தப்பா மாற மறுத்துவிட்டார். Q கீ தனக்கு ராசியாம்.